சந்திரனின் தோற்றம்: கட்டுரையில் விடுபட்ட ஒட்சிசன் சிக்கல்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில், சந்திரன் சில மணித்தியாலங்களுக்குள் உருவானது 'நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று வந்திருந்தது. உயர்தர மாணவர்கள் வெட்டி ஒட்டிவைக்கும் பக்கம் என்பதால் இதை எழுதுகிறோம். டர்ஹாம் பல்கலைக்கழகத்தவர் தலைமையிலான குழு 2022இல் வெளியிட்டது கணினி உருவகப்படுத்தல் ஒன்றை. நல்ல வேலைதான், ஆனால் நிரூபணம் என்று சொல்ல இடமில்லை.

வேறொரு கோள் பூமியில் மோதி, தெறித்த பாறையிலிருந்து சந்திரன் பிறந்தது என்பதில் பெரிய சண்டை கிடையாது. 1975இல் ஹார்ட்மனும் டேவிஸும், அடுத்த ஆண்டு கமரனும் வார்டும் முன்வைத்த கருத்து அது. சந்திரனின் சராசரி அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 3.34 கிராம், பூமிக்கு 5.51. பூமியின் திணிவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இரும்பு மையம், சந்திரனிலோ அது ஓரிரு சதவீதம். மோதிய கோளின் இரும்பு பூமிக்குள் அமிழ்ந்து, பாறை மட்டும் மேலே எறியப்பட்டிருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தும். பெட்டிச் செய்தியில் வந்த 'பசிபிக் பள்ளத்திலிருந்து பிய்ந்தது' என்பது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. பசிபிக்கின் அடித்தளப் பாறைக்கு 20 கோடி ஆண்டு வயதுகூட இல்லை.

இந்த உருவகப்படுத்தலில் இரு கோள்களையும் துணிக்கைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் திணிவு, வெப்பநிலை, அமுக்கம் கொடுத்து, ஈர்ப்பையும் அயல் துணிக்கைகளின் தள்ளலையும் சிறு சிறு நேர இடைவெளியில் திரும்பத் திரும்பக் கணிக்கிறார்கள். துணிக்கை ஒரு இலட்சம் என்றால் ஒன்றின் திணிவு 6×10¹⁹ கிலோகிராம், அதாவது பக்கத்துக்கு 260 கிலோமீற்றர் வரும் பாறைக் கனவுரு. இலங்கையின் அகலத்தைவிடப் பெரிது! முழுச் சந்திரனுக்கும் அப்போது 1,200 துணிக்கைதான் கிடைக்கும். 2022 வேலையில் எண்ணிக்கை 10 கோடி வரை போனது, பக்கம் 26 கிலோமீற்றராகக் குறைந்தது. பழைய கணிப்புகளில் சிதறித் தட்டாகப் பரவிய பொருள், இதில் ஒரே உருண்டையாகச் சுற்றுப்பாதைக்கு ஏறியது. துணிக்கையின் அளவை மாற்றினாலே முடிவு மாறுகிறது என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது. இன்னொரு குறையும் உண்டு: இம்முறையின் வழக்கமான வடிவத்தில், அடர்த்தி திடீரென மாறும் எல்லைகளில் இல்லாத மேற்பரப்பு இழுவிசை ஒன்று முளைத்து, இரு பொருள்களும் கலப்பதைக் குறைத்துக் காட்டும்.

கலப்புத்தான் இங்கே முழு வழக்கும். தேயா என்று பெயரிட்ட, செவ்வாய் அளவிலான அந்தக் கோள், சுமார் 45 பாகையில், செக்கனுக்கு 9 முதல் 10 கிலோமீற்றர் வேகத்தில் மோதினால், சந்திரனில் பெரும்பங்கு, 70 சதவீதம் அளவில், தேயாவின் பொருளாக வரவேண்டும். ஆனால் அப்போலோ விண்பயணிகள் சந்திரனிலிருந்து கொண்டுவந்த கற்களின் ஒட்சிசன் சமதானி (ஒரே மூலகத்தின், திணிவு வேறுபட்ட அணு வகை) விகிதம் பூமியோடு ஒட்டிப்போகிறது. செவ்வாயின் கற்கள் திணிவு 17 கொண்ட ஒட்சிசன் சமதானியில் பத்தாயிரத்தில் 3 பங்கு விலகி நிற்க, சந்திரனின் விலகல் பத்து இலட்சத்தில் சில பங்குகளுக்குள் அடங்கும்.

அந்த அளவீடும் இலேசானதல்ல. சில மில்லிகிராம் கல்லை லேசரால் சூடாக்கி, புரோமின் பெந்தாபுளோரைட்டு வாயுவில் ஒட்சிசனைப் பிரித்து, சுத்திகரித்து, திணிவுப்படி துகள்களைப் பிரித்தளக்கும் திணிவு நிறமாலைமானிக்கு அனுப்புவார்கள். நைதரசன் முப்புளோரைட்டு சொற்பம் மிஞ்சினாலும் கருவியில் அது உடைந்து திணிவு 33இல் வந்து விழும். 16உம் 17உம் இணைந்த ஒட்சிசன் மூலக்கூறின் திணிவும் 33 என்பதால், 17ஆம் சமதானியை அளக்கும் இடமும் அதுவே. 2014இல் ஒரு ஜேர்மன் குழு பத்து இலட்சத்தில் 12 பங்கு வேறுபாடு கண்டது. 2016இல் கலிபோர்னியக் குழு வேறுபாடே இல்லை என்றது.

தீர்வுகள் பல உண்டு. 2012இல் சூக்கும் ஸ்டுவர்ட்டும் வேகமாகச் சுழன்ற பூமியைக் கொண்டுவந்தனர். பூமிப் பாறை தாராளமாக எறியப்படும், ஆனால் இன்றுள்ளதைப்போல் இரு மடங்கு கோண உந்தம் (சுழற்சியின் மொத்த அளவு) மிஞ்சும். அதைச் சூரியனின் ஈர்ப்பு உறிஞ்சியது என்று காட்டவேண்டும். தேயா பூமியின் அயலிலேயே உருவாகி, தொடக்கத்திலேயே ஒத்த கலவை கொண்டிருந்தது என்பது எளிய விடை. எங்கள் கண்ணுக்கு அது கொஞ்சம் வசதியாகவே தெரிகிறது, தேயாவின் மாதிரி எவரிடமும் இல்லை. 2022 வேலையின் பெறுமதியும் இங்கேதான்: அதில் உருவான சந்திரனின் வெளிப்புறப் படையில் பூமிப் பொருள் கூடுதலாகத் தெரிந்தது. உங்கள் கட்டுரை அதைச் சொல்லவேயில்லை.

படத்திலும் ஒரு திருத்தம். சந்திரன் இன்றைய 384,400 கிலோமீற்றர் தூரத்திலேயே பிறந்ததுபோல் வரைந்திருந்தீர்கள். ரோச் எல்லை, அதாவது அதற்கு உள்ளே வந்தால் பூமியின் ஈர்ப்பு சந்திரனைப் பிய்த்துவிடும் தூரம், பூமியின் மையத்திலிருந்து சுமார் 18,500 கிலோமீற்றர், அதற்குச் சற்று வெளியேதான் பிறப்பைக் காட்டவேண்டும். ஆண்டுக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகல் என்பது சரி, ஆனால் அதைக்கொண்டு தூரத்தை வகுத்தால் 1,000 கோடி ஆண்டு வரும், சூரியத் தொகுதியின் வயதைவிட இரு மடங்கு. சந்திரனை விலக வைப்பது வற்றுப்பெருக்கு; சந்திரன் கிட்ட இருந்தபோது அது பலமாக இருந்தது, சமுத்திரங்களின் அமைப்பும் வேறு, ஆகவே அந்த வேகம் என்றும் ஒரேயளவாக இருந்ததில்லை.

பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர்கள் இருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.