கியர் பெட்டியில் என்ன ஊற்றினீர்கள் என்று பில்லில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் பழைய கார்களைப் பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். படங்கள் அழகு. ஆனால் பாடி, பெயிண்ட், குரோம் என்றே பக்கம் முடிந்துவிட்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிற எண்ணெயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த எண்ணெயால் எனக்கு வந்த தலைவலியை எழுதுகிறேன். இடம் இருந்தால் போடுங்கள்.

நான் துறைமுகப் பட்டறையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது, ஓவர்டிரைவ் வைத்தது. அதாவது வண்டி வேகம் குறையாமல் எஞ்சின் சுற்றை மட்டும் குறைக்கிற கூடுதல் கியர். 1993-இல் வாங்கியதிலிருந்து அதன் அடியில் படுத்து எல்லா வேலையும் நானேதான் பார்த்தேன். போன வருடம் முட்டி ஒத்துழைக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் முதல் தடவையாக வெளியே ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டு, "தம்பி, கியர்பாக்ஸ் எண்ணெய் மட்டும் மாத்திக் கொடுப்பா" என்றேன். சாயங்காலம் கார் கைக்கு வந்தது. பில்லில் "கியர் ஆயில், கூலி: 180 வெள்ளி". அவ்வளவுதான். என்ன எண்ணெய் என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் மலை ரோட்டில் ஏறும்போது, மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்குத் தள்ளினால் கரகரவென்று ஒரு சத்தம். திரும்பும்போது பினாங்குப் பாலத்தில் ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டினேன். வழக்கமாக எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கும். இந்தத் தடவை அடங்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் திரும்பவும் ஏறுகிறது, ஓவர்டிரைவ் பிடிக்கவில்லை. பாலத்தைத் தாண்டி வீடு சேர்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிடு" என்றார் ஒரு நண்பர்.

எம்ஜிபியின் கியர் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெட்டியை மூடிய மேட்டில், கம்பளத்துக்கு அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கினால் எஞ்சினுக்கு இருப்பது போலவே ஒரு அளவுக் கம்பி. உருவி முகர்ந்து பார்த்தேன். நனைந்த பட்டாசு மாதிரி கந்தக நெடி. விரலில் தேய்த்து டார்ச் அடித்தால் ஜரிகைத் தூள் போல மினுமினுக்கிறது. பித்தளை.

மறுநாள் வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். பையன் நல்லவன், மறைக்காமல் டின்னை எடுத்துக் காட்டினான். 80டபிள்யூ-90, ஜிஎல்-5. முதலில் உள்ளது தடிமன் நம்பர், ஜிஎல் என்பது கியர் எண்ணெயின் தர வகை. பின் ஆக்ஸிலுக்கு அது அருமையான எண்ணெய். அங்கே பல்லோடு பல் வழுக்கிக்கொண்டே பாரம் தாங்குகிறது. அதைக் காப்பாற்றத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்க்கிறார்கள். ஜிஎல்-4-ஐவிட ஜிஎல்-5-இல் அந்தச் சரக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. ஆனால் கியர் பெட்டிக்குள் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை. கியர் மாறும்போது அந்த வளையம் கூம்பைக் கவ்வி இரண்டு பக்க வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். கவ்வுவதற்கு உரசல் வேண்டும். வழுக்கும் எண்ணெயை ஊற்றினால் எண்ணெய்க் கையோடு குடத்தைத் தூக்கின கதைதான். போதாக்குறைக்கு, சூட்டில் அந்தக் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யும். எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் அப்படி அரிக்கும் என்று சொல்லமாட்டேன். பித்தளைக்குப் பாதகமில்லை என்று டின்னில் போட்டு வருவதும் உண்டு. ஓவர்டிரைவ் நிலைமை இன்னும் மோசம். கியர் பெட்டி எண்ணெயைத்தான் அதுவும் குடிக்கிறது, அதற்குள்ளும் கவ்வுகிற கூம்பு இருக்கிறது.

"அப்போ என்ன அங்கிள் ஊத்தணும்?" என்றான். "எஞ்சினுக்கு ஊத்தறதுதான், 20டபிள்யூ-50" என்றேன். "கியர்பாக்ஸுக்கு மிஞாக் ஹித்தாமா!" என்று சிரித்தான். எஞ்சின் எண்ணெய்க்கு இங்கே மலாயில் அதுதான் பெயர். நான் கோபப்படவில்லை. 1959-இல் வந்த பழைய மினி காரிலேயே எஞ்சினும் கியரும் ஒரே எண்ணெயில்தான் குளித்தன என்று சொன்னேன். கார்க் கம்பெனி கொடுத்த கைப்புத்தகத்தில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெய் போட்டிருப்பதையும் விரித்துக் காட்டினேன். "90 எங்கே, 50 எங்கே?" என்று கேட்டான். இங்கே பாதிப் பேர் விழுகிற குழி அதுதான். கியர் எண்ணெய் நம்பர் ஒரு அளவுகோல், எஞ்சின் எண்ணெய் நம்பர் வேறு அளவுகோல். கியர் 90-இன் தடிமன் எஞ்சின் எண்ணெயில் 40, 50 பக்கம்தான் வரும். நம்ம ஊர்ச் சூட்டுக்குத் தடியாக ஊற்றினால் நல்லது என்பதெல்லாம் காப்பிக்கடைப் பேச்சு.

அதற்காக எல்லாப் பழைய காருக்கும் எஞ்சின் எண்ணெய் என்று ஓடிவிடாதீர்கள். ஜிஎல்-4 கேட்கிற கியர் பெட்டிகளும் உண்டு. அந்தந்தக் காரின் கைப்புத்தகம் சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் முட்டியைப் பார்க்காமல் நானே படுத்தேன். இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, நாலு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்தி, வடிய விட்டேன். ஓவர்டிரைவின் அடித்தட்டைக் கழற்றி வலைச் சல்லடையையும் கழுவினேன். அதைக் கழற்றாவிட்டால் பழசு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். அளவுக் கம்பித் துளை வழியாக ஊற்றச் சமையல்கட்டுப் புனலை எடுத்ததற்கு வீட்டில் இன்றுவரை பேச்சு வாங்குகிறேன். மூன்று லிட்டருக்கு மேல் பிடித்தது. ஓவர்டிரைவைப் போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு மறுபடி அளவு பார்த்தால், கம்பியில் இறங்கியிருந்தது. ஊற்றி நிரப்பினேன். ஐநூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை முழுசாக மாற்றினேன். அதற்குப் பிறகுதான் ஓவர்டிரைவ் பழையபடி பிடித்தது. வடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல் அந்தப் பையனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவனிடம் சேகரிக்கிற டிரம் இருக்கிறது.

வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களை ஒன்றுதான் கேட்கிறேன். "கியர் ஆயில்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். டின்னின் பெயர், நம்பர், ஜிஎல் எத்தனை, எத்தனை லிட்டர் என்று எழுத அரை நிமிடம் ஆகுமா? பில்லில் அது இருந்திருந்தால் அன்றைக்கே கல்லாவில் நின்றபடி கண்டுபிடித்திருப்பேன், வண்டி பாலம் வரைக்கும் போயிருக்காது. வாசகர்களும் காரை விடும்போது கைப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டிவிட்டு விடுங்கள்.

இரண்டாவது கியர் முழுதாகக் குணமாகவில்லை. காலையில் முதல் பத்து நிமிடம் இன்னும் லேசாக முனகுகிறது. எம்ஜிபியில் கியர் பெட்டியை வெளியே எடுக்க எஞ்சினையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தைப்பூசம் முடியட்டும், பார்க்கலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்,
பாகான் டாலாம், பட்டர்வொர்த்