வீட்டுக்கார அம்மாவும் நானும்

காட்பாடி
9.10.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் பேச ஆரம்பித்தால் "வார்டுக்குக் கூப்பிடறாங்கப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடுதாசி.

உக்ரைனில் அக்டோபர் முதல் ஞாயிறுதான் ஆசிரியர் தினம், கார்கிவில் படிக்கும்போது நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னேன், மெட்ரோ ஸ்டேஷனுக்குள் இருக்கும் பள்ளியில் இன்னும் கணக்குப் பாடம் எடுக்கிறார் என்றாய். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதோடு விட்டாயா? "உங்க வயசுதான் அவங்களுக்கும். நீங்க என்னடான்னா தனியார் ஸ்கூல்ல வருந்தி வருந்திக் கூப்பிட்டும் போகாம உட்கார்ந்திருக்கீங்க" என்று ஒரு குத்து. அம்மா பக்கத்தில் நின்று சிரித்தாள்.

அந்த அம்மா மேல் எனக்கு இருக்கும் மரியாதை உனக்குத் தெரியும். 2022 பிப்ரவரி 24 அன்று குண்டு விழ ஆரம்பித்ததிலிருந்து, நீங்கள் ஊருக்கு வெளியே இருக்கும் பிசோச்சின் வரைக்கும் நடந்து கிளம்பிய நாள் வரை, நிலவறையில் உங்களுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்தது அவர்தான். அந்த வாரம் நாங்கள் இங்கே டிவி முன்னால் பட்ட பாட்டை எழுத வேண்டாம். ஆனால் அவரை எனக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறாயே, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

என் கதையை எடுத்துக்கொள். 58 வயதில், 2020 ஜூனில் நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவன். அந்த மே மாதம், கொரோனாவுக்கு நடுவே, ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கும்போது, 60 ஆக்கினார்கள். எல்லோருக்கும் மொத்தமாகப் பணிக்கொடை தரப் பணமில்லை, அதனால்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். கடைசியில் 2022 ஜூன் 30 வந்தது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் உண்டு அல்லவா, அதையும் முடித்தேன். மாலை, சால்வை, பிரியாணி, பழைய மாணவர்களின் மோதிரம் எல்லாம் ஆயிற்று. இப்போது மாதம் பிறந்தால் பென்ஷன் பேங்கில் விழுகிறது. நாள் குறித்தார்கள், அந்த நாளில் விட்டார்கள். இது சும்மா கிடைத்ததில்லை பாப்பா, முப்பது வருஷத்துக்கு மேல் சாக்பீஸ் பொடி தின்றதற்கான கூலி.

அந்த அம்மாவுக்கும் அதே 2022-இல்தான் 60 ஆயிற்று என்றாய். அங்கே பெண்களின் ஓய்வூதிய வயது முன்பு 55. 2011-இலிருந்து படிப்படியாக ஏற்றி, 2021-இல் 60 ஆக்கினார்கள். பென்ஷன் வாங்கும் ஆசிரியர் தொடர்ந்து வேலை பார்க்கலாம், ஆனால் நிரந்தரப் பணியில் இல்லை, ஒரு வருஷம் முதல் மூன்று வருஷம் வரையான ஒப்பந்தத்தில். 2020-இல் வந்த சட்டம் அது. படித்தபோது எனக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. பெரியவர்கள் நாற்காலியை விட்டால் இளையவர்கள் வரட்டும் என்றுதான் அப்படிச் சட்டம் போடுவார்கள். போர் வந்தது. ஆண்களில் எத்தனையோ பேர் களத்துக்குப் போனார்கள். இளம் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போலந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். யாருக்காக இடம் காலியாக வேண்டுமோ அவர்கள் ஊரிலேயே இல்லை. போக வேண்டியவர் மட்டும் கரும்பலகை முன்னால் நிற்கிறார்.

பிரியப்பட்டுத்தான் நிற்கிறாரோ என்னவோ. பிள்ளைகளைப் பார்க்காவிட்டால் எனக்குக்கூட முதல் ஆறு மாதம் கை நடுங்கியது. ரஷ்ய எல்லையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊரில், 2023 செப்டம்பரிலிருந்து பூமிக்கு அடியில் வகுப்பு நடக்கிறதென்றால், அது பெரிய காரியம்தான். ஆனால் பிரியத்தையும் வேறு வழியில்லாததையும் ஒன்றாகப் போட்டுத் 'தியாகம்' என்று பெயர் வைத்துவிட்டால், அவர் "போதும், உட்காருகிறேன்" என்று சொல்ல வாயே இருக்காது. கைதட்டுகிறவர்கள் யாரும் அவருக்குப் பதிலாக ஒரு பீரியட் எடுக்கப் போவதில்லை.

நம் பக்கத்து மனிதர்களை நீ பார்த்ததில்லையா? கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில். என்னிடம் படித்தவர்களிலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் உண்டு. பதினைந்து வருஷம் முடிந்தால் சிப்பாய்க்குப் பென்ஷன், நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகிறான். பாதிப் பேர் வேலூரில் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு மறுபடி நிற்கிறார்கள். அதையும் சிலர் நாட்டுப்பற்று என்பார்கள். பெண்ணுக்குக் கல்யாணம், வீட்டுக் கடன் என்று அவனைக் கேட்டால் தெரியும்.

போர் இல்லாமலேயே இங்கும் சிலருக்கு ஓய்வு என்றால் பயம். 2003 ஏப்ரலுக்குப் பிறகு வேலைக்கு வந்த என் சக ஆசிரியர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்காரர்கள், எனக்கு வருகிற மாதிரி மாதப் பென்ஷன் நான் ஓய்வு பெற்றபோது அவர்களுக்கு இல்லை. என் பிரிவு உபசார விழாவில் ஒருத்தர் காதோடு சொன்னார், "சார், உங்களுக்கு மாலை போடறாங்க, எனக்குப் போட்டா அழுதுடுவேன்." மாலை போடும் நேரத்தில் சொல்கிற பேச்சா அது! ஆனாலும் மறக்க முடியவில்லை.

அதனால் அந்தத் தனியார் பள்ளிக்குப் போகப் போவதில்லை. பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் இந்த ஊரில் எத்தனை பிள்ளைகள்! அந்த இடத்தில் போய் நான் உட்கார மாட்டேன். மாலையில் நம் தெருப் பையன்கள் பத்தாம் வகுப்புக் கணக்கோடு திண்ணைக்கு வருகிறார்கள், சொல்லித் தருகிறேன். தலைவலித்தால் நாளைக்கு வாங்கடா என்பேன். அந்தச் சுகம் அந்த அம்மாவுக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு வேலை செய். அடுத்த முறை பேசும்போது "நீங்க பெரிய ஆளு" என்று சொல்வதை விட்டுவிட்டு, ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, புதுப்பிக்க அவருக்கு இஷ்டமா, சம்பளத்தை விட்டுப் பென்ஷனில் மட்டும் குடித்தனம் ஓடுமா என்று கேள். ஓடாது என்றால் மாதம் கொஞ்சம் அனுப்புவோம். நீ அங்கே தங்கியிருந்த கடைசி மாத வாடகை இன்னும் பாக்கி என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பணம் எப்படி அனுப்புவது என்று பேங்கில் நான் விசாரிக்கிறேன்.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று நாளைக்குள் சொல். திருநெல்வேலியிலிருந்து ரயிலில் இனி இடம் கிடைக்காது, பஸ்ஸுக்காவது போட்டு வைக்கிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு அம்மா சொல்லி வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா