மனநல ஆலோசனைக் குழுவில் உடனிருந்தவர்களுக்கு நன்றி

பே ஏரியாவில் வசிக்கும் தமிழ்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

எங்கள் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மனநல ஆலோசனைக் குழுவில் என் மூன்று வருடப் பதவிக்காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. கடைசியாக, குழுவின் ஆண்டறிக்கையை, கவுண்டியை நடத்த மக்கள் தேர்ந்தெடுத்த மேற்பார்வையாளர்கள் முன் வைத்துவிட்டு வந்தோம். கூட இருந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் அவர்கள் செய்கிற வேலை நம் குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும் என்று ஆசை. அதனால்தான் இந்த மடல்.

எனக்கு அந்தக் குழுவில் இடம் கிடைத்ததே தம்பியின் நோயால்தான். அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கவுண்டியிலும் இப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதில் பாதிப் பேராவது மனநல சிகிச்சை பெறுகிறவர்களாகவோ, பெற்றவர்களாகவோ, அவர்களுடைய பெற்றோர், கணவன் மனைவி, உடன்பிறந்தவர், வளர்ந்த பிள்ளைகளாகவோ இருக்க வேண்டும். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஒரு டாலரைக்கூட இங்கே தா, அங்கே தா என்று ஒதுக்கும் அதிகாரமும் இல்லை. பணமும் முடிவும் மேற்பார்வையாளர்கள் ஐந்து பேர் கையில். கவுண்டியின் மனநல சேவை எப்படி நடக்கிறது, மக்களுக்கு என்ன குறை என்று போய்ப் பார்த்து, வருடா வருடம் அவர்களுக்கு எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. அவ்வளவுதானா என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன்.

கவுண்டி ஒப்பந்தத்தில் நடக்கும் ஒரு விடுதியைப் பார்க்கப் போயிருந்தோம். மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் சில மாதம் தங்கித் தேறும் இடம். நான் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எங்களில் ஒருவர், இருபது வயதிலிருந்தே மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துவருகிறவர், நேரே சமையலறைக்குள் போய்விட்டார். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். அப்புறம் அங்கே தங்கியிருந்த ஒரு பையனிடம், "ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்றார். ஐந்து மணிக்கு. "மாத்திரை?" ஒன்பது மணிக்கு. நடுவில் ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்றால், சமையலறையை ஏழு மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்றான் பையன்.

மனச்சிதைவு நோய்க்குத் தரும் லுராசிடோன் என்றொரு மருந்து உண்டு. குறைந்தது 350 கலோரி உணவோடு எடுத்தால்தான் அது உடம்பில் சரியாகச் சேரும். வெறும் வயிற்றில் போட்டால் ஏறக்குறையப் பாதிதான் சேரும். மருந்து வேலை செய்யவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்றுகூடக் கோப்பில் எழுதிவிடலாம். இது அந்த நண்பருக்குத் தன் உடம்பாலேயே தெரியும். அந்த வருட அறிக்கையில் அது ஒரே ஒரு வரியாகத்தான் வந்தது. அதைப் படிக்கும்போது, நானும் இந்த மருந்து எடுப்பவன் என்று மேற்பார்வையாளர்களுக்கும் கேமராவுக்கும் முன்னால் நின்று சொன்னார். விடுதியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது இரவு மருந்தோடு சிற்றுண்டி தர வேண்டும் என்று சேர்த்தார்கள். நண்பரே, உங்களுக்குத்தான் என் முதல் நன்றி.

எங்கள் தலைவராக இருந்த அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அறிக்கையின் முதல் வரைவில் எங்கெல்லாம் "சேவைகள் மேம்பட்டு வருகின்றன" என்று இருந்ததோ, அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, "யார் பார்த்தது? எங்கே?" என்று ஓரத்தில் எழுதி அனுப்புவார். பதில் இல்லாத வரிகளை எடுத்துவிட்டோம். அறிக்கை பாதியாகச் சுருங்கியது, ஆனால் மேற்பார்வையாளர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். அது அவரால் வந்த மரியாதை.

குழுவின் கிளார்க்குக்கும் மனமார்ந்த நன்றி. பொதுக் குழுக்களின் கூட்டங்கள் மக்கள் முன்னால் நடக்க வேண்டும் என்று 1953-லிருந்து இருக்கும் பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும். உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் குழு விஷயத்தைக் கூட்டத்துக்கு வெளியே, மின்னஞ்சலில்கூட, கூடிப் பேசக் கூடாது. "தயவுசெய்து எல்லோருக்கும் பதில் போடாதீர்கள்" என்று ஒவ்வொரு அஞ்சலின் அடியிலும் அவர் எழுதுவார். கூட்டம் நடத்தத் தேவையான அளவு உறுப்பினர்கள் (கோரம்) இல்லாமல் கூட்டம் நின்றுவிடக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக போன் செய்தவரும் அவர்தான்.

கவுண்டியின் மனநலத் துறையில் கணக்கு பார்க்கும் அதிகாரிகளையும் சொல்ல வேண்டும். வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம், அந்தக் கூடுதல் தொகைக்கு 1 சதவீதம் வரி வாங்கி மனநலத்துக்குச் செலவிட 2004-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஒப்புக்கொண்டார்கள். 2024 மார்ச்சில் அந்தச் சட்டத்தை வாக்காளர்களே திருத்தினார்கள். இனி கவுண்டிக்கு வரும் பங்கில் 30 சதவீதம் வீட்டு வசதிக்குப் போக வேண்டும். நல்லதுதான், தெருவில் படுப்பவருக்கு மாத்திரை மட்டும் கொடுத்து என்ன பயன்? ஆனால் மொத்தப் பணம் கூடவில்லை, ஆகவே வேறு ஏதாவது குறைந்தாக வேண்டும். எது குறையும் என்று ஒளிக்காமல், நாங்கள் கேட்ட ஒவ்வொரு முறையும் சலிக்காமல் விளக்கினார்கள். குறை சொல்ல வந்தவர்களிடமே இத்தனை பொறுமை காட்டுவது பெரிய மனசு.

அப்புறம், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு என்னிடம் பேசிய தமிழ்க் குடும்பங்களுக்கு. "ஊரில் தங்கச்சி கல்யாணம் இருக்கு, வெளியே தெரிஞ்சா அவ்வளவுதான்" என்று கோயில் வாகன நிறுத்தத்தில் காருக்குள் உட்கார்ந்தபடி அழுத அம்மாவை நினைத்துக்கொண்டுதான் பல கூட்டங்களில் வாய் திறந்தேன். நெருக்கடி நேரத்தில் வீட்டு மொழியில் பேச ஆள் வேண்டும் என்று அறிக்கையில் இருக்கும் பத்தி உங்களுடையது. அது இன்னும் நிறைவேறவில்லை. அடுத்த வருடமும் எழுதச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

என் இடம் இப்போது காலி. உங்களில் யாராவது விண்ணப்பிக்க விரும்பினால் படிவம் நிரப்ப நான் உதவுகிறேன். அதற்கு இன்னும் மனசு வரவில்லை என்றால், பார்வையாளராக வந்து பின்வரிசையில் உட்காருங்கள். கூட்டத்துக்கு வருபவர் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அதுவும் அதே பிரவுன் சட்டத்தில் இருக்கிறது.

நன்றியுடன்,
ஒரு தம்பியின் அக்கா