அந்த லயத்துப் பக்கங்களைத் திரும்பப் போடு

அன்புள்ள மகளுக்கு,

உன் போர்ட்ஃபோலியோவிலிருந்து அந்த லயத்துப் பக்கங்களை ஏன் கழற்றினாய்? சுகம் விசாரிப்பதையெல்லாம் அம்மா போனிலேயே முடித்துவிட்டாள், அதனால் நேராகவே கேட்கிறேன். வேறு ஆர்க்கிடெக்ட் ஆபீசில் வேலை கேட்க நீ சேர்த்து வாட்ஸப்பில் அனுப்பிய அந்தப் பிளான் தொகுப்பை ஹட்டன் டவுனில் கலரில் பிரிண்ட் எடுத்தேன் (எவ்வளவு செலவென்று அம்மாவிடம் சொல்லிவிடாதே). எல்ல என்ற ஊருக்கு வரைந்த ஹோட்டல் இருக்கிறது, கொழும்பு அடுக்குமாடி இருக்கிறது, அந்த நூலகமும் இருக்கிறது, கடைசி வருசம் ராத்திரி பகலாகச் செய்தாயே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கிற சனத்துக்கான வீட்டுத் திட்டம், அது மட்டும் இல்லை. கேட்டதற்கு, ஆபீசில் ஒரு அக்கா சொன்னார், ஹோட்டலும் வில்லாவும் கட்டுகிறவர்களிடம் லயத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் தொண்டு நிறுவனத்து ஆள் என்று நினைத்துவிடுவார்கள் என்று சொன்னாய். அதற்குள் சிக்னல் போய்விட்டது. போனில் எனக்குக் கோர்வையாகப் பேசவும் வராது, ஆகவே எழுதுகிறேன்.

நான் உன் படிப்புப் படித்தவன் இல்லை, பாஸ் வேலை, கட்டட மேசன் வேலை, செய்கிறவன். பிளான் போட்டவர் ஒரு தடவை வந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார், அதற்கப்புறம் அவர் போட்ட கோட்டோடு மல்லுக்கட்டுவது நாங்கள்தான். அந்த உரிமையில்தான் சொல்கிறேன், கோபிக்காதே.

எல்ல ஹோட்டல் படம் அழகாக இருக்கிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு ‘இதில் ஒரு நாள் தங்க எவ்வளவு கேட்பார்கள்’ என்று கேட்டாள், அவ்வளவு அழகு. ஆனால் பள்ளத்தாக்கைப் பார்த்து முழுச் சுவரும் கண்ணாடி. அந்தப் பக்கம் மழை நேராக விழாது, காற்றோடு சேர்ந்து சாய்ந்து அடிக்கும். மூடுபனி வேறு. அந்தக் கண்ணாடியை வெளிப்பக்கமாகத் துடைக்கிற பையன் எங்கே காலை வைத்து நிற்பான்? கூரையில் விழுகிற தண்ணீர் கீழே வந்து எந்தப் பக்கம் ஓடுகிறது? தேடிப் பார்த்தேன், படத்தில் அதற்குக் கோடே இல்லை.

லயத்துத் திட்டத்தில் நீ முதல் தாளிலேயே தண்ணீரைத்தான் வரைந்திருந்தாய். அதில் வீடே கிடையாது. மலை, அதில் மழைத்தண்ணீர் இறங்குகிற வழிகள், தண்ணீர் ஓட வெட்டிய பழைய கான்கள், அடைந்துபோன கான்கள். லீவுக்கு வந்திருந்த நேரம் கொட்டுகிற மழையில் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு மேல் மலைக்குப் போய், எந்தக் கானை யார் எப்போது வெட்டினார்கள், எது இப்போது மூடிக்கிடக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாய், அம்மா உங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள். கான் வெட்டியே முதுகு வளைந்த மனிதர் அவர். அவருக்குத் தெரிந்ததை இதுவரை எந்த பிளானிலும் நான் பார்த்ததில்லை. தண்ணீருக்கு முதலில் வழி விட்டுவிட்டு, மிச்சமிருக்கிற இடத்தில்தான் வீடுகளை வைத்தாய். மலைநாட்டில் வீடு கட்ட இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

2014 ஒக்டோபர் 29 உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது. கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கையைக் கேட்ட சனம் எங்கே போகும்? லயம் கம்பனியுடையது, நிலமும் அவர்களுடைய பொறுப்பில், சொந்தமாக ஒரு குழி தோண்டி அத்திவாரம் போட ஓர் அடி மண் கிடையாது. நீ அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே அந்தச் செய்தியை நினைத்துத்தான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்லவில்லை, பரவாயில்லை.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்பிய சனத்துக்கு அது பெரிய விசயம், நான் குறை சொல்ல மாட்டேன், அந்த வீடுகளில் நானும் கல் வைத்திருக்கிறேன். ஆனால் 7 பேர்ச்சஸ் என்பது தாளில்தான் 1,900 சதுர அடி. சரிவில் மேல்பக்கத்தை வெட்டி, கீழ்ப்பக்கம் கருங்கல் கட்டு எழுப்பி, சுற்றிக் கானும் விட்டால் என்ன மிஞ்சும்? ஒரு கட்டில் அளவு முற்றம் மிஞ்சினால் புண்ணியம். சமதரையில் வைக்கிற பிளானை அப்படியே மலையில் வைத்தால் மலையைத்தான் வெட்ட வேண்டும். நீ வீட்டை இரண்டாக மடித்து, முன்பக்கம் மேல் மட்டத்திலும் படுக்கிற அறைகள் மூன்றடி கீழேயும் வருகிற மாதிரி இறக்கியிருந்தாய், வெட்டு பாதியாகக் குறைந்துவிட்டது. நான் அதைப் பார்த்தபோது படிகளில் வயசானவர்கள் விழுவார்கள் என்றுதான் முதலில் சொன்னேன். அதற்காகவே ஒரு சின்ன அறையை மேல் மட்டத்தில், கக்கூசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்று நீ காட்டினாய். சரி, வாயை மூடிக்கொண்டேன்.

அடுப்படி. கொழும்பில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு அடுப்படி என்றால் கேஸ் அடுப்பு, ஒரு மேடை, ஒரு சிங்க். இங்கே கேஸ் இருக்கிற வீட்டிலும் குளிருக்கு விறகு அடுப்பு எரியும், வெந்நீர் அதில்தான், சாயங்காலம் எல்லாரும் கூடி உட்காருவதும் அதைச் சுற்றித்தான். விறகு அடுப்புக்கு இடமில்லாத வீடு கொடுத்தால் சனம் என்ன செய்யும்? சாவி கொடுத்த மறுமாதமே பின்னால் தகரத்தை இழுத்து ஒரு குசினி போட்டுவிடும், அதன் தண்ணீர் கானை அடைக்கும், கான் அடைந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் ஊறும். எத்தனை வீட்டில் பார்த்துவிட்டேன். நீ அதை முன்கூட்டியே யோசித்து, பின்சுவரில் கதவு நிலையை வைத்து ஒற்றைக் கல்லால் அடைத்து, நாளைக்கு ஒரு காம்பரா இழுக்க வேண்டுமென்றால் எங்கே இழுக்கலாம், கூரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தாய். வீட்டில் இருக்கப்போகிற சனமும் சேர்ந்துதான் வீட்டைக் கட்டி முடிக்கும் என்று தெரிந்த ஆள்தான் அப்படி வரைய முடியும்.

கொழுந்து மடுவத்தில், பறித்த தேயிலையை நிறை போட நிற்கிற நேரம் பார்த்து அங்கே போய் நின்று, பெரியம்மாமாரிடம் நீ கேள்வி கேட்டதை ஆட்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும், குளிக்கிற இடத்துக்குக் கதவு எப்படி வேண்டும் என்றெல்லாம் இதுவரை அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. மழை மாசத்தில் துணி காயவைக்க இடம் வேண்டும் என்று ஒரு பெரியம்மா சொன்னதை வைத்துத்தானே புகைக்கூட்டுக்குப் பக்கத்தில் கொடி கட்ட அந்த ஒடுக்கமான இடத்தை விட்டாய். எனக்கு அந்தத் திட்டத்தில் அதிகம் பிடித்தது அதுதான்.

மினெட் டி சில்வாவைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். கண்டியில் பிறந்த ஆர்க்கிடெக்ட் மனுசி, 1948இல் பிரித்தானிய ஆர்க்கிடெக்ட்மாரின் நிறுவகத்தில் (RIBA) சேர்ந்த முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டபுளுவவில் அரசாங்க ஊழியர்களுக்கு வீடு கட்டும்போது, குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, உங்களுக்கு எப்படி வேண்டும் என்று கேட்டுத்தான் வரைந்தாராம். அவருடைய அம்மா அக்னஸ் டி சில்வா, 1928இல், இலங்கையின் அரசியலமைப்பை விசாரிக்க பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழுவுக்கு முன்னால் போய்ப் பெண்களுக்கு வாக்கு கேட்டவர், தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா என்று கேட்டபோது அவர்களும் பெண்கள்தானே என்று சொன்னவர். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்துவிட்டு, நீயே அந்தப் பக்கங்களைக் கழற்றி வைத்தால் எப்படி?

இன்னொன்றும் யோசித்துப் பார். கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலை ஸ்டோரை, அந்தத் தேயிலைத் தொழிற்சாலையை, 1996இல் ஹோட்டலாக்கினார்கள். நீ முதல் வருசத்தில் அதைப் பற்றித்தான் அறிக்கை எழுதினாய். கொழுந்து வாட்டுகிற மேல்மாடிகளை அறைகளாக்கி, காற்றுக்காக வரிசையாக வைத்த ஜன்னல்களை அப்படியே விட்டு, நல்ல வேலைதான், நான் பாராட்டுவேன். காசல்ரீ பக்கம் துரைமார் பங்களாக்களுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிறார்கள். ஸ்டோருக்கு ஆர்க்கிடெக்ட் வந்தார், பங்களாவுக்கும் வந்தார். லயத்துக்கு வந்தது யார்? உன் தொழிலில் இருக்கிறவர்கள் அதிகம் தொடாத இடம் அது, அதை மறைத்துவிட்டு எல்லாரிடமும் இருக்கிற ஹோட்டல் படத்தை நீயும் முன்னால் வைத்தால் இன்டர்வியூ பண்ணுகிறவர் உன்னை எப்படி நினைவில் வைப்பார்?

அந்த அக்கா சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ முதல் பக்கத்தில் போட்டிருந்த கறுப்பு வெள்ளைப் படம், லயத்து வாசல் இஸ்தோப்பில் குழந்தை கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறதே, அதைத் தூக்கிவிடு. பார்க்கிறவன் பாவம் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவான், உன் வேலையைப் பார்க்க மாட்டான். அந்த இடத்தில் குறுக்குவெட்டுப் படத்தைப் பெரிதாகப் போடு, மலை, கான், இரண்டு மட்டம், புகைக்கூடு எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிற படம். அப்புறம், அந்தக் கருங்கல் கட்டில் தண்ணீர் வடிய ஓட்டை காட்டவில்லை. எட்டடி உயரக் கட்டு, ஓட்டை இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்கும், இரண்டாவதில் வயிறு தள்ளும். இரண்டு அங்குலக் குழாய், நாலைந்து அடிக்கு ஒன்று, பின்னால் சல்லிக்கல். இதை வரைந்துவிட்டு அனுப்பு. யாராவது கேட்டால் பாஸ் ஒருவர் சொன்னார் என்று சொல்.

இப்போதைய ஆபீசில் கக்கூஸ் டைல்சும் ஜன்னல் அட்டவணையும்தான் வரையத் தருகிறார்கள் என்று அம்மாவிடம் அழுதாயாம். ஐந்து வருசம் படித்துவிட்டு அதைச் செய்வது கஷ்டம்தான், சம்பளத்தில் போர்டிங் காசு போக என்ன மிஞ்சுகிறது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் கட்டடம் ஒழுகுவது முக்கால்வாசி கக்கூசில்தான். தரை எத்தனை அங்குலம் இறங்க வேண்டும், வாட்டம் எந்தப் பக்கம், சுவரும் தரையும் சேருகிற மூலையில் என்ன பூச வேண்டும், இதெல்லாம் தெரியாமல் வருகிற பிளானால் உடைத்துத் திரும்பக் கட்டிய கதைகள் என்னிடம் நிறைய. முடிந்தால் சைட்டுக்குப் போகக் கேள், அங்கே வேலை செய்கிற பாஸ்மாரிடம் பேசு, உனக்குச் சிங்களம் நன்றாக வருமே. பட்டயத்துக்கான பகுதி 3 பரீட்சைக்கும் அந்த அனுபவம் வேண்டும்தானே. ஜெஃப்ரி பாவா சட்டத்தரணியாக இருந்துவிட்டு 38 வயதில்தான் ஆர்க்கிடெக்ட் ஆனார் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவரிடம் லுணுகங்கை மாதிரி ஒரு தோட்டம் வாங்கப் பணம் இருந்தது, நமக்கு அந்த வசதி இல்லை, அது வேறு கதை. இருந்தாலும் 26 வயதில் எல்லாம் முடிந்துபோன மாதிரிப் பேசாதே.

வேறு ஆபீசுக்கு மாறுவதென்றால் மாறு, நான் தடுக்கவில்லை. போகும்போது லயத்துத் திட்டத்தை ஹோட்டலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு போ.

கீழ் லயத்துச் சித்தப்பா, புது வீட்டுக்குப் பின்னால் குசினி இழுக்கப் போகிறாராம். என்னிடம் வந்து கேட்டார், மகள் வந்து பார்க்கட்டும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தச் சரிவில் கட்டுவதற்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் என்ன அனுமதி எடுக்க வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வா. அளவு நாடா இங்கே இருக்கிறது, உன் நோட்டை மட்டும் கொண்டு வா.

மாசிச் சம்பல் பஸ்ஸில் வருகிறது. போன தடவை அனுப்பிய போத்தலைக் கழுவித் திருப்பி அனுப்பச் சொன்னாள் அம்மா.

அன்புடன்,
அப்பா