வாழ்த்திலிருந்து தொடங்கு

அன்புள்ள சேகர்,

மாஸ்கோ வேலை உறுதியானது பெரிய சந்தோஷம். டிசம்பர் கடைசியில் போய் இறங்குகிறாய் என்றால், ரஷ்ய மொழியின் வேற்றுமை அட்டவணையை இப்போதைக்கு மூடி வை. பண்டிகை வாழ்த்துகளிலிருந்து தொடங்கு.

புத்தாண்டு 'நோவி கோத்'. வாழ்த்தும்போது அது 'ஸ் நோவிம் கோதம்' ஆகிவிடும். 'வாழ்த்துகிறேன்' என்ற வினை (பஸ்த்ரவ்ல்யாயு) சொல்லாமலே அங்கே இருக்கிறது. அதுதான் 'ஸ்' என்ற முன்னிடைச்சொல்லையும் நம் 'ஓடு' உருபுக்கு நிகரான வேற்றுமையையும் கேட்கிறது. உருபு நமக்குப் புதிதல்ல, இடறுவது பெயரடையில். 'புதிய' என்பது தமிழில் எதன் முன் வந்தாலும் மாறாது. அங்கே பெயரோடு சேர்ந்து அதுவும் மாறியாக வேண்டும்.

'ஷிலாயு', அதாவது நலம் விழைவது, வேறு வழியில் போகும். 'ஷிலாயு வாம் உதாச்சி' என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம் வாய்க்கட்டும் என்று பொருள். 'வாம்' நம் 'கு' உருபு. 'உதாச்சா' என்ற பெயர் இங்கே 'ஐ' ஏற்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அது 'உடைய' வடிவத்தில் வரும். வேற்றுமைகளை எண்ணால் நினைவு வைக்காதே. அவர்களுடைய ஐந்தாவது நம் மூன்றாவது, அவர்களுடைய இரண்டாவது நம் ஆறாவது.

யார் வீட்டுக்காவது பூ வாங்கிப் போனால் ஒற்றைப்படையில் வாங்கு. இரட்டைப்படை இறுதிச் சடங்குக்கு உரியது. கடையில் கேட்கும்போதே எண் இலக்கணமும் வந்துவிடும்: 'அத்னா ரோஸா', 'த்ரீ ரோஸி', 'ப்யாத் ரோஸ்'. இரண்டு முதல் நான்கு வரை ஒருமையின் 'உடைய' வடிவம், ஐந்திலிருந்து பன்மையின் 'உடைய' வடிவம். இருபத்தொன்றில் மறுபடி ஒருமைக்குத் திரும்பும். ஆனால் பதினொன்று ஐந்தைப் போலத்தான். வாசற்படியைத் தாண்டிக் கைகுலுக்காதே. உள்ளே போய் நின்று கொடு.

டிசம்பர் 31 நள்ளிரவு வரை 'ஸ் நஸ்துபாயுஷிம்' சொல்லலாம், வரவிருப்பதற்கான வாழ்த்து அது. பிறந்தநாளுக்கு மட்டும் முன்கூட்டி வாழ்த்திவிடாதே, ஆகாது என்று நினைப்பார்கள். பரிசு கொடுப்பதும் பெரிய விருந்தும் பெரும்பாலும் புத்தாண்டுக்குத்தான். கிறிஸ்துமஸ் ஜனவரி 7. திருச்சபை பின்பற்றும் பழைய ஜூலியன் நாட்காட்டி நம் நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கி ஓடுகிறது. அரசு 1918இல் நம் நாட்காட்டிக்கு மாறியபோது ஜனவரி 31க்கு மறுநாளே பிப்ரவரி 14 ஆனது. பழைய கணக்கின் புத்தாண்டை இன்றும் ஜனவரி 13 இரவில் கொண்டாடுகிறார்கள். அதற்கும் ஒரு வாழ்த்துக்குத் தயாராக இரு.

அடுத்த கடிதத்தில் ஐந்து வாழ்த்துகளைச் சிரிலிக் எழுத்தில் எழுதி அனுப்பு. அழுத்தம் விழும் உயிரெழுத்தின் மேல் கோடு போடு. அழுத்தமில்லாத 'ஓ' ஒலி 'அ'வாகத் தேய்வதால், அந்தக் கோடு இல்லாமல் உன் உச்சரிப்பை என்னால் திருத்த முடியாது.

அன்புடன்,
முரளி