அப்பாவின் பெயரில் நான்கு கட்டுரைகள்

திருகோணமலை.

அன்பின் கப்டனுக்கு,

உன்னுடைய இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் ஆறு மாதம் இருந்தவன் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், அதற்கு அன்பு மட்டும் காரணமன்று. உன்னிடம் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மான் தின்றுவிட்டது என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. அந்தச் சாக்கை நீ பத்தாம் வகுப்பிலேயே செலவழித்துவிட்டாய். அம்மா நலம். மாமி எல்லோரிலும் குறை கண்டுகொண்டு நலமாக இருக்கிறார். உப்புவெளி வீட்டுக்கு ஓடு மாற்றியாயிற்று.

விடயத்துக்கு வருகிறேன். நம்முடைய ஆய்விதழின் பழைய தொகுதிகளைக் கணினியில் ஏற்றுவதற்கு ஒரு தரவு மாதிரி வரைந்து தரும் பொறுப்பு சென்ற ஆண்டு என் தலையில் விழுந்தது உனக்குத் தெரியும். கட்டுரை எது, அதன் உறுப்புகள் எவை, எழுதியவர் யார், எந்தப் பதிப்பு எதைத் திருத்தியது என்பதையெல்லாம் ஐயத்துக்கு இடமின்றி இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கும் இலக்கணம் அது. இதற்கென்றே ஜாட்ஸ் என்றொரு தரம் இருக்கிறது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2003இல் வெளியிட்ட அமைப்பிலிருந்து வளர்ந்து, 2012இல் முறைப்படி தரமாக ஏற்கப்பட்டது. தலைப்பு, சுருக்கம், படம், மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிக் குறி உண்டு. அந்தப் பகுதிகளில் எனக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. என்னைக் கவிழ்த்தது நம்மவர் பெயர்தான்.

எழுதியவருக்குக் குடும்பப்பெயர், தற்பெயர் என்று இரண்டு புலங்கள் வைத்தேன், குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கினேன். கடைசியாக வரும் சொல்லே குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு நிரலையும் எழுதி, எல்லாத் தொகுதிகளையும் ஒரே இரவில் அதற்குள் ஓடவிட்டேன். உன்னுடைய தமிழ்க் கட்டுரைகளில் தலைப்பெழுத்து முன்னும் பெயர் பின்னுமாக இருந்தபடியால், நிரல் உன் பெயரையே குடும்பப்பெயர் என்று நம்பியது. பிழையான காரணத்தினால் சரியான இடத்தில் நீ வந்து நின்றாய். ஆங்கிலக் கட்டுரைகளிலோ, கடவுச்சீட்டில் உள்ளபடி, உன் பெயரை முன்னும் தகப்பனார் பெயரைப் பின்னும் போட்டிருக்கிறாய். சென்ற செவ்வாய்க்கிழமை அகரவரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய பெயரையும், அதற்கு நேரே புறாமலைத் தீவின் பவளப்பாறைகளைப் பற்றிய நான்கு கட்டுரைகளையும் கண்டேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, உள்துறைமுகக் கரையில் வாழ்நாளெல்லாம் வள்ளம் பழுதுபார்த்த மனிதர், என்னுடைய புண்ணியத்தில் கடலியல் ஆய்வாளராகிவிட்டார்.

முதலில் சிரித்தேன். ஆனால் அந்த விவரங்களை ஏற்கெனவே, ஆய்வுக் கட்டுரைகளைப் பதிவுசெய்யும் கிரொஸ்ரெஃப் நிறுவனத்துக்கு அனுப்பி, கட்டுரைகளுக்கு டீஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் வாங்கியாயிற்று என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. எண்ணை மாற்றாமலே விவரத்தைத் திருத்தி மறுபடி அனுப்பலாம்; அனுப்பியும் விட்டேன். இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்து எடுத்துத் தங்கள் மேற்கோள் பட்டியலில் போட்டுக்கொண்டவர்களை நான் எங்கே போய்த் தேடுவேன்?

குற்றம் முழுவதும் என்னுடையதே, என்றாலும் ஒரு முறைப்பாடும் எனக்கு இருக்கிறது. கிரொஸ்ரெஃபின் அமைப்பில் குடும்பப்பெயர் கட்டாயம், தற்பெயர் விருப்பம். ஆய்வாளர்களுக்கு அடையாள எண் கொடுக்கும், 2012இல் தொடங்கிய ஓர்கிட்டில் தற்பெயர் கட்டாயம், குடும்பப்பெயர் விருப்பம். ஒரே பெயருடன் பிறந்த ஒருவன் ஓரிடத்தில் ஒரு பெட்டிக்குள்ளும் மற்ற இடத்தில் மறு பெட்டிக்குள்ளும் புகவேண்டும். ஜாட்ஸ் சற்றுக் கருணையுள்ளது: பெயரின் பாங்கைக் குறிப்பதற்கு மேலை, கீழை, தற்பெயர் மட்டும் என்பவற்றோடு ஐஸ்லாந்து முறை என்ற ஒன்றையும் வைத்திருக்கிறது. அங்கேயும் தகப்பன் பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள், வரிசைப்படுத்துவது தற்பெயரால். நான்கு இலட்சம் பேர் கூட இல்லாத தீவுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது, நமக்குத்தான் இல்லை. உன்னை ஐஸ்லாந்துக்காரனாக்கிவிடலாமோ என்று ஓர் இரவு உண்மையாகவே யோசித்தேன். ஆனால் அவர்கள் தகப்பன் பெயரைப் பின்னால் வைப்பவர்கள், நாம் ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைப்பவர்கள்; பொருந்தவில்லை.

அந்த முன்னெழுத்தும் எப்போதும் தகப்பனுடையதாக இருப்பதில்லை. 1895இல் மோகனாங்கி என்ற நாவலை எழுதிய நம்மூர்த் தி. த. சரவணமுத்துப்பிள்ளையை எடுத்துக்கொள்: முதலெழுத்து திருகோணமலை, இரண்டாவதுதான் தகப்பன். பிள்ளை என்பதைப் பிரித்து அச்சிட்டிருந்தால் என் நிரல் அவரையும், தமையன் கனகசுந்தரம்பிள்ளையையும், இன்னும் ஊரிலுள்ள பாதிப்பேரையும் பிள்ளை குடும்பம் என்று ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கும். மயில்வாகனமாகப் பிறந்து 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தரானவரை எந்தப் பெட்டியில் போடுவது?

ஆகையால் முழுவதையும் கலைத்துவிட்டு மறுபடி வரைந்திருக்கிறேன். புதிய மாதிரியில் ஆள் வேறு, பெயர் வேறு. ஆளுக்கு ஓர் எண் மட்டும் இருக்கும். எத்தனை பெயர்களும், எந்த எழுத்திலும், அதனோடு இணையலாம். முன்னெழுத்துக்குத் தனிப் புலம், அது எதைக் குறிக்கிறது என்பதற்கு இன்னொன்று, எதுவும் கட்டாயமில்லை. ஆளுக்கும் கட்டுரைக்கும் நடுவே பங்களிப்பு என்றொரு பொருளை வைத்து, அச்சில் வந்த பெயர் ஒரு புள்ளிகூட மாறாமலும், அன்றைக்கு அவர் பணியாற்றிய இடமும் அதில் நிற்கும்படி செய்தேன். இடத்தை ஆளோடு கட்டிவைத்தால், நீ மட்டக்களப்புக்கு மாறிப்போன அன்றே உன் பழைய கட்டுரைகளும் பெட்டி கட்டிக்கொண்டு பின்னால் வந்துவிடும். பங்களிப்பின் வகையையும் எழுதவேண்டியிருந்தது, ஏனென்றால் நம்முடைய மொழியில் எழுதியவரும் ஆசிரியர், இதழை நடத்தியவரும் ஆசிரியர், நம்மைப் பிரம்பால் அடித்தவரும் ஆசிரியர். பழைய அட்டைகளில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத் தனிக் கடிதத்தில்தான் எழுதவேண்டும்.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. அகரவரிசையில் எந்தப் பெயரால் நிற்க விரும்புகிறாய்? ஓர்கிட் எண்ணையும் அனுப்பு. 16 இலக்கத்தில் கடைசி எக்ஸ் என்றிருந்தால் அது பிழையன்று, சரிபார்ப்பு எழுத்து, விட்டுவிடாதே.

இன்னொன்றும் உண்டு. நான்கு கட்டுரைகளையும் உன் எண்ணுக்கு மாற்றியபின் தகப்பனாரின் பதிவு வெறுமையாகிவிடும். வெறும் பதிவுகளை அழிக்கவேண்டும் என்பது நானே எழுதிய விதி. நேற்றிரவு அழிப்பதற்கு முன் இரண்டாவது கட்டுரையின் தாளைக் கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். நன்றியுரையில், தன் வள்ளத்தில் உன்னைப் பாறைத் திட்டுக்கு ஏற்றிச்சென்றவர் என்று அவர் பெயர் முழுமையாக அச்சாகியிருக்கிறது. பங்களிப்புக்கென்று 14 வகைகளை வரையறுத்த கிரெடிட் பட்டியலில் வள்ளமோட்டி என்று எதுவும் கிடையாது. நன்றியுரையை வெறும் பத்தியாக விட்டிருந்த நான், அதில் வரும் ஆட்களையும் கட்டுரையோடு இணைக்கும்படி உறவு ஒன்றைச் சேர்த்துவிட்டேன். இப்போது அவர் பதிவில் நான்குக்குப் பதிலாக ஒரு கட்டுரை இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் அவர்தான் வந்தாரா என்று எழுது.

அன்புடன்,
மூன்றாம் கிணற்றுக்காரன்