மீட்டுப் பார்த்தாயா?

அன்புள்ள யாழினி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் பூங்கா வரை மெதுவாக நடந்துவிட்டு வருகிறார். நாம் ஃபோனில் பேச ஆரம்பித்ததும் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம் என்பதால் எழுதுகிறேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

ஆஸ்பத்திரியின் சர்வர், கம்ப்யூட்டர்கள், பேக்அப் எல்லாம் இனி உன் பொறுப்பு என்று நீ சொன்னதும் எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. "பேக்அப் தினமும் ராத்திரி தானா ஓடிடும்மா, முடிஞ்சதுன்னு காலைல மெயில் வந்துடும்" என்றாய். அதிலிருந்து ஒரு கோப்பையாவது எடுத்துத் திறந்து பார்த்தாயா என்று கேட்டேன். இதுவரை தேவைப்படவில்லை என்றாய். அந்தப் பதில்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. கண்ணு, தேவைப்படும் அன்றைக்கு முதன்முதலாகத் திறந்து பார்க்கிற பேக்அப்பை நம்பிவிடாதே.

காலையில் வருகிற மெயில் என்ன சொல்கிறது? ஒரு புரோகிராம் ஓடி முடிந்தது என்கிறது, அவ்வளவுதான். எழுதி வைத்த கோப்பு திரும்பத் திறக்குமா, அதற்குள் நேற்று வந்த நோயாளியின் ரிப்போர்ட் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த மெயிலுக்குத் தெரியாது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மெயில் வராமலே போவதும் உண்டு.

புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம் உனக்குத் தெரியும். கல்லூரியில் உன் ப்ராஜெக்ட்டை அதில்தான் போட்டு வைத்திருந்தாய். 2017 ஜனவரி 31 இரவு அங்கே நடந்ததை அவர்களே ஒன்றும் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். ஸ்பேம் தொல்லையால் டேட்டாபேஸ் திணறிக்கொண்டிருந்தது. முதன்மை சர்வரிலிருந்து துணை சர்வருக்குத் தகவல் போய்ச் சேருவது நின்றுவிட்டது. துணை சர்வரின் ஃபோல்டரைக் காலி செய்துவிட்டுப் புதிதாக நகலெடுக்கலாம் என்று ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்திவிட்டார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபிதான்.

நேரம் கெட்ட நேரத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் அது நடக்கலாம். அதற்கு அடுத்து நடந்ததுதான் உனக்கு முக்கியம். சரி, பேக்அப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போனார்கள். டேட்டாபேஸை தினமும் நகலெடுத்து அமேசானின் எஸ்3 சேமிப்பில் வைக்கும் ஏற்பாடு இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, அதை நகலெடுக்கப் போன கருவி 9.2 பதிப்பு. இரண்டும் பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் பிழை காட்டிவிட்டு நின்றிருக்கிறது. பிழை வந்தால் மெயில் அனுப்பும் ஏற்பாடும் செய்திருந்தார்கள். அந்த மெயில்கள், அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் டிமார்க் சரிபார்ப்பில் தேறாமல் வாசலிலேயே திருப்பப்பட்டன. ஒருவர் கண்ணிலும் படவில்லை. மேகச் சேமிப்பில் டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி இருந்தது, டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதை இயக்கவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஏறக்குறைய 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட். அதைத் திருப்பிப் போட்டு முடிக்க சுமார் 18 மணி நேரம் ஆனது, அந்த டிஸ்க் அவ்வளவு மெதுவானது. இடைப்பட்ட நேரத்தில் டேட்டாபேஸில் பதிவானவை போனது போனதுதான்; சுமார் 5000 ப்ராஜெக்ட்டுகள், 5000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் அதில் பாதிக்கப்பட்டன.

அந்த அறிக்கையில் ஒரு கேள்வியை அவர்களே கேட்டுக்கொண்டார்கள்: பேக்அப்பை ஏன் தவறாமல் சோதித்துப் பார்க்கவில்லை? சோதிப்பது யாருடைய பொறுப்பாகவும் இருக்கவில்லை என்று நேர்மையாகப் பதில் எழுதியிருந்தார்கள். இதற்காகவே அவர்கள்மேல் எனக்கு மரியாதை. உங்கள் ஆஸ்பத்திரியில் அந்தப் பொறுப்பு இப்போது உன்னுடையதுதான், கண்ணு.

நான் மில்லில் சேர்ந்த புதிதில் அந்தக் கணக்குப் பிரிவில் ஒன்று நடந்தது. அப்போதெல்லாம் கார்ட்ரிட்ஜ் டேப். சம்பளப் பட்டியலும் பஞ்சு கொள்முதல் கணக்கும் தினம் அதில் ஏறும். எழுதியதைச் சரிபார்க்கவும் செய்வார்கள், ஆனால் எழுதிய அதே டிரைவில். அந்த டிரைவில் டேப்பை எழுதவும் படிக்கவும் செய்கிற ஹெட் கொஞ்சம் இடம் விலகியிருந்தது. விலகிய ஹெட் எழுதியதை அதே விலகிய ஹெட் ஒழுங்காகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் டிரைவ் ரிப்பேர் ஆகி, புதிது வாங்கி மாட்டினார்கள். பழைய டேப் ஒன்றைக்கூட அதனால் படிக்க முடியவில்லை. அச்சடித்த ரிஜிஸ்டர்களைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப எல்லாவற்றையும் தட்டச்சு செய்தோம். டேப் காலம் போய்விட்டது, ஆனால் எடுத்த இடத்திலேயே சோதிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதனால்தான் வேறொரு மெஷினில் போட்டுப் பார் என்று உன்னிடம் வற்புறுத்துகிறேன்.

எப்படிச் செய்வது என்று நீ என்னைவிட நன்றாக அறிவாய். இருந்தாலும் ஒரு முறை எழுதிவிடுகிறேன். ஸ்டோரில் சும்மா கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கு. நெட்வொர்க்கில் இணைக்காதே, நோயாளிகளின் விவரம் அதில் ஏறப்போகிறது. விண்டோஸோ லினக்ஸோ புதிதாகப் போட்டு, டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டு, நேற்று ராத்திரி பேக்அப்பை அதில் திருப்பு. மணி பார்த்துக் குறித்துக்கொள். பிறகு ஆஸ்பத்திரி மென்பொருளை அதில் ஓட விட்டு, ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிறவர் செய்வதுபோலவே நீயும் செய்து பார். முந்தின நாள் வந்த ஒரு நோயாளியைத் தேடு. போன வருஷம் அட்மிட் ஆன ஒருவரின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் திற. ஸ்கேன் பட இணைப்பை அமுக்கிப் பார். டேட்டாபேஸ் வந்துவிட்டு, படங்கள் இருக்கும் ஃபோல்டரை பேக்அப் பட்டியலில் சேர்க்க மறந்துபோயிருப்பது நிறைய இடங்களில் நடக்கிறது. நோயாளி பெயர் இருக்கும், எக்ஸ்ரே இருக்காது. அப்புறம் இரண்டு பக்கமும் பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார். எல்லாம் முடிந்ததும் அந்த டிஸ்க்கை முழுதாக அழித்துவிடு.

இன்னொன்றும் கேட்டுத் தெரிந்துகொள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகளை அப்படியே காப்பி செய்கிறார்களா, இல்லை டேட்டாபேஸ் வழியாகவே அதன் உள்ளடக்கத்தைத் தனிக் கோப்பாக எழுதும் டம்ப் எடுக்கிறார்களா? எழுதிக்கொண்டிருக்கும் கோப்பைப் பாதியில் காப்பி செய்தால் அளவு சரியாக இருக்கும், திறக்கும்போது உடைந்திருக்கும். டம்ப் எடுப்பதென்றால் தினமும் அதன் அளவைக் குறித்து வை. ஆஸ்பத்திரிக் கோப்பு நாளுக்கு நாள் வளர வேண்டும், திடீரென்று சிறுத்தால் அன்றைக்கே விசாரி. சர்வரில் இரண்டு டிஸ்க் போட்டு, இரண்டிலும் ஒரே தகவலை எழுதும் ரெய்டு வைத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஏமாறாதே. ஒரு டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும். யாராவது எதையாவது அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும்.

பேக்அப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பாஸ்வேர்டு எங்கே இருக்கிறது? சர்வரிலேயே ஒரு கோப்பில் இருந்தால், சர்வர் போகும்போது சாவியும் சேர்ந்து போய்விடும். தாளில் எழுதி உறையில் போட்டு நிர்வாகியின் பீரோவில் வை. மீட்கும் வேலையை ஒரு முறை உன் உதவியாளர் தம்பியை விட்டுச் செய்யச் சொல், நீ பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் பார். அவன் எங்கே திணறுகிறானோ அங்கே உன் குறிப்பில் ஏதோ விடுபட்டிருக்கிறது. நீ லீவில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் இதெல்லாம் நடக்கும்.

டெல்லி எய்ம்ஸில் 2022 நவம்பர் 23 அன்று நடந்தது நினைவிருக்கிறதா? தகவலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்து சர்வர்களில் இருந்த தகவலையெல்லாம் பூட்டிப் போட்டுவிட்டது. ஆஸ்பத்திரி வேலைகளை நடத்தும் இ-ஹாஸ்பிட்டல் மென்பொருள் நின்றுபோய், அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுதினார்கள். பெரும்பாலான வசதிகள் திரும்பி வர 2 வாரம் பிடித்தது. பாதிக்கப்படாமல் தப்பிய ஒரு பேக்அப் சர்வரிலிருந்து தகவலை எடுத்துப் புதிய சர்வர்களில் போட்டோம் என்று அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. அந்த ஒன்று தப்பியிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். ரேன்சம்வேர் வந்தால் சர்வரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் டிஸ்க்கையும் பகிர்ந்த ஃபோல்டரையும் விடாது. அதனால் ஒரு நகலாவது எழுதி முடிந்ததும் கழற்றி வைக்கப்பட வேண்டும்.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு உனக்குத் தெரியும்: 3 பிரதி, 2 விதமான சாதனம், 1 வேறோர் இடத்தில். அந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்அப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போயின. உங்கள் சர்வர் அறையும் பேக்அப் டிஸ்க்கும் ஒரே தரைத்தளத்தில் இருக்கின்றன என்றாய். 2015 டிசம்பரில் சென்னையில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று நீ நேரில் பார்த்தவள்.

நிர்வாகத்திடம் பணம் கேட்கத் தயங்காதே. உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. மீட்டுப் பார்க்கையில் நீ குறித்த நேரத்தை அந்த 72 மணிக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டு. ஆனால் விதிக்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று போன முறை டாக்டர் எழுதி வைத்த ஒரே இடம் அந்த டேட்டாபேஸாக இருக்கும். மயங்கிக் கிடக்கிற ஒருவரால் அதை வாயால் சொல்ல முடியாது. அவருக்காகத்தான் நீ அந்தப் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறாய்.

இனி நம் வீட்டு விஷயம். தாத்தா எழுதிய ஊர் வரலாறு முழுவதும் உன் லேப்டாப்பிலும் மேகச் சேமிப்பிலும் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். லேப்டாப்பில் ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும்படிதான் அதை இணைத்திருக்கிறாய். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், பிறகு அதுவும் போகும். அதைவிட எனக்குக் கவலையானது வேறு. தாத்தா அதையெல்லாம், ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தார். என் புது லேப்டாப்பில் ஒன்றைத் திறந்தேன். கோப்பு நன்றாகத் திறந்தது, ஒரு பைட்கூட குறையவில்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. எழுத்துருவைத் தேடிப் போட்ட பிறகுதான் தாத்தா பேசினார். அந்த எழுத்துரு யாரிடமும் இல்லாத காலம் வந்தால் அந்தக் கோப்புகள் இருந்தும் பயனில்லை.

அதனால் ஒவ்வொன்றாக, தனி எழுத்துரு தேவைப்படாத பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றும் மென்பொருள் தானாகச் செய்துவிடும், ஆனால் கொம்பும் காலும் சில இடங்களில் பிசகுகிறது. அப்பா பழைய அச்சுப்பிரதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி வாசிக்க, நான் திருத்துகிறேன். சாயங்காலம் முழுக்க இதுதான் எங்கள் வேலை, இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த இரண்டு அத்தியாயங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன. அதன் கோப்புகளைத் திறக்கும் பழைய இன்டிசைன் சிஎஸ்6 மென்பொருள் இருக்கிற அச்சகம் எதையாவது பிடித்தால் திறந்துவிடலாம், விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கோப்பும் மாற்றிய கோப்பும் எழுத்துருவும் சேர்த்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அடுத்த வாரம் உன் சித்தப்பா வரும்போது கொடுத்தனுப்புகிறேன். வாங்கி அலமாரியில் வைத்துவிடாதே. உன் மெஷினில் மாட்டி, இடையிலிருந்து நாலைந்து பக்கத்தைத் திறந்து வாசித்துப் பார். எழுத்து எங்காவது பிசகியிருந்தால் பக்க எண்ணோடு எழுதி அனுப்பு, இங்கே திருத்திவிடுகிறோம். ஆஸ்பத்திரியில் மீட்டுப் பார்த்த அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆனது, எது விடுபட்டிருந்தது என்றும் சொல். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா